ரீபூட் கொடுக்க முதல்: ஜேர்மனியில் கிடக்கும் சேர்வரை வெள்ளவத்தையில் இருந்து பிரித்துப் பூட் பண்ணுவது

“பிள்ளை, அந்தப் பெட்டி இப்ப எங்க கிடக்கு?”

“ஜேர்மனியில, முதலாளி.”

“அப்ப பிழைச்சுதெண்டா ஆர் போய் ஓஃப் பண்ணிப்போட்டு ஓன் பண்ணுறது?”

புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் துணி மொத்த வியாபாரம் செய்கிற ஒருவர், பிளேன்ரீயை ஊதிக்கொண்டே என்னிடம் கேட்டது இது. அவருடைய பில் போடுகிற மென்பொருளும் கையிருப்புக் கணக்கும் அந்தப் பெட்டியில்தான் ஓடுகின்றன. நான் சிரித்துச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்து யோசித்தால், தூரத்துச் சேர்வரில் நான் செய்கிற வேலை முழுவதுமே அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதாக இருக்கிறது. டிஸ்கைப் பிரிப்பது பத்து நிமிட வேலை. ரீபூட் என்று அடித்து என்ரரைத் தட்டியதும், தூரத்துச் சேர்வருக்குள் போகிற எஸ்எஸ்எச் இணைப்பு அறுந்துவிடும். அதன் பிறகு கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதான். பிழைக்கக்கூடிய எல்லாவற்றையும் அந்த என்ரருக்கு முதலே பிழைக்கவிட்டுப் பார்க்க வேண்டும்.

முதலில் எழுத்து விஷயம். கட்டளைகளைப் போனில் சொல்லிக்கொடுப்பதுபோல ஒலிப்படி எழுதியிருக்கிறேன். மட்டக்களப்பில் இருக்கும் என் மச்சாளின் மகனுக்கு அப்படித்தான் இதெல்லாம் சொல்லிக்கொடுத்தேன். டெர்மினலில் நீங்கள் ஆங்கில எழுத்தில்தான் அடிப்பீர்கள். தனி எழுத்தாக ‘ரி’ வந்தால் அது ரீவியில் வருகிற எழுத்து, ‘டி’ வந்தால் டேட்டாவில் வருகிற எழுத்து. இதைச் சொல்லாமல் தொடங்கி அவனும் நானும் அரை மணித்தியாலம் ஒருவரையொருவர் பேசிக்கொண்டு இருந்திருக்கிறோம்.

பெட்டியின் கதை இதுதான். வாடகைக்கு எடுத்த தனிச் சேர்வர், 4 ரெராபைட் சுழல் டிஸ்க் இரண்டு. தந்தவர்கள் முதல் டிஸ்கில் ஒரே ஒரு பெரிய பார்ட்டிஷன் (டிஸ்கைப் பிரித்த பங்கு) போட்டு, இரண்டாவதைத் தொடாமல் விட்டிருந்தார்கள். ஒரு டிஸ்க் செத்தால் கடை நிற்கும். எல்லாவற்றையும் அழித்துவிட்டு டெபியன் 12 என்ற லினக்ஸை, ஒரே தரவை இரண்டு டிஸ்கிலும் எழுதுகிற ரெய்டு 1 மேல் நானே ஏற்றுவது என்று முடிவெடுத்தேன்.

உள்ளே போகும் பின்கதவு

டிஸ்கைத் தொட முதல், சேர்வர் பூட் ஆகாவிட்டாலும் உள்ளே போக ஒரு வழி இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான வாடகைச் சேர்வர்களில் ரெஸ்கியூ முறை இருக்கும்: டிஸ்கை விட்டுவிட்டு, நெட்வேர்க் வழியாக ஒரு சிறு லினக்ஸ் வந்து ரம்மில் (நினைவகத்தில்) ஏறும். அதற்குள் எஸ்எஸ்எச் போகலாம், டிஸ்குகளை வேண்டியபடி வெட்டிக் கொத்தலாம். சில இடங்களில் ஐபிஎம்ஐ அல்லது கேவிஎம் கொன்சோலும் தருவார்கள். திரையை நேரே பார்க்கலாம். இருந்தால் அதிர்ஷ்டம். எனக்குக் கிடைத்தது ரெஸ்கியூ மட்டும்.

இருக்கிறது என்று படித்தது போதாது, ஒரு தடவை போய்ப் பாருங்கள். சேர்வர் நன்றாக ஓடும்போதே ரெஸ்கியூவுக்குப் போய்த் திரும்பி வர வேண்டும். அப்போது எஸ்எஸ்எச் “ஹோஸ்ட் கீ மாறிவிட்டது” என்று பெரிய எழுத்தில் கத்தும். ஹோஸ்ட் கீ என்பது சேர்வரின் அடையாளம்; ரெஸ்கியூ வேறு லினக்ஸ், அதனுடைய கீயும் வேறு. அதனால் மாறுவது நியாயம்தான். ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு ஆம் என்று அடிக்காமல், வாடகைக்குத் தந்தவர்களின் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் காட்டுகிற கைரேகையோடு (கீயின் சுருக்க அடையாளத்தோடு) ஒப்பிடுங்கள்.

உள்ளே போனவுடன் முதல் வேலை ரீமக்ஸ், இணைப்பு அறுந்தாலும் வேலையைச் சேர்வரில் ஓடவிடுகிற மென்பொருள். எதைச் செய்தாலும் அதற்குள். 2025 பெப்ரவரி 9, ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல், பாணந்துறைப் பக்கம் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டு நாடு முழுக்கக் கரண்ட் போனது நினைவிருக்கும். அந்த நேரம் நான் இந்தச் சேர்வரின் தரவை ஆர்சிங்க் என்ற பிரதி பண்ணும் கட்டளையால் வேறு இடத்துக்கு ஏற்றிக்கொண்டிருந்தேன். ரூட்டர் செத்தது, மேசை விசிறி நின்றது, கடற்கரைப் பக்கம் ரயில் ஹோன் மட்டும் தெளிவாகக் கேட்டது. போன் ஹொட்ஸ்பொட்டில் திரும்பிப் போய் ‘ரீமக்ஸ் அற்றாச்’ என்று அடித்தேன். ஆர்சிங்க் ஒன்றும் நடக்காததுபோல ஓடிக்கொண்டிருந்தது. அது ரீமக்ஸுக்கு வெளியே இருந்திருந்தால் பாதி வழியில் செத்திருக்கும். ஆர்சிங்க் என்றாலும் பரவாயில்லை, திரும்பத் தொடங்கலாம். டிஸ்கில் இருந்து லினக்ஸைத் தொடக்கிவிடுகிற கிரப்பை ஏற்றுகிறபோது அப்படி அறுந்தால்?

எந்த டிஸ்க் எது

‘எல்எஸ்பிஎல்கே -ஓ நேம்,சைஸ்,மொடல்,சீரியல்’ அடித்து, சீரியல் நம்பர்களைக் கொப்பியில் பேனையால் எழுதுங்கள். 2000களின் தொடக்கத்தில் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஒரு கொம்பியூட்டர் கடையில் வேலை பழகினபோது, எனக்குப் பழக்கின அண்ணை ஹார்ட் டிஸ்கைக் கழற்ற முதல் சீரியலை வாயால் வாசிக்கச் சொல்வார். அப்போது அது தொந்தரவு. இப்போது டிஸ்க் கையில் இல்லை என்பதால் அந்த நம்பர் ஒன்றுதான் எனக்கும் அதற்கும் உள்ள உறவு. லினக்ஸ் டிஸ்குகளுக்கு வைக்கிற எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் பூட்டுக்குப் பூட்டு இடம் மாறலாம். சீரியல் மாறாது.

அதே நேரம் ‘ஸ்மார்ட்சிரிஎல் -ஏ’ போட்டு டிஸ்கின் உடல்நிலையையும் பாருங்கள். வாடகைச் சேர்வரில் புது டிஸ்க் கிடைக்கும் என்று யாரும் சொல்லவில்லை. எனக்கு வந்ததில் ஒன்று 41,000 மணித்தியாலம் ஓடியிருந்தது, நாலரை வருடத்துக்கு மேல். மறு ஒதுக்கீடு செய்த (பழுதாகி மாற்று இடம் கொடுத்த) செக்டர்களின் எண்ணிக்கை பூச்சியமாக இருந்ததால் விட்டுவிட்டேன். ஒற்றை இலக்கத்தில் இருந்தாலும் மாற்றித் தரச் சொல்லிக் கேட்டிருக்க வேண்டும், தரவு ஏற முதல் கேட்பது இலகு.

பழைய ரெய்டின் மிச்சம் கிடந்தால் ரெஸ்கியூ அதைத் தானாகவே எம்டி127 என்ற பெயரில் தூக்கி நிறுத்தியிருக்கும். ‘/ப்ரொக்/எம்டிஸ்டாட்’ கோப்பைப் பார்த்து, இருந்தால் ரெய்டைக் கையாளுகிற ‘எம்டிஅட்ம் --ஸ்டொப்’, பிறகு ஒவ்வொரு பார்ட்டிஷனிலும் ‘எம்டிஅட்ம் --சீரோ-சூப்பர்புளொக்’, கடைசியாக டிஸ்க் முழுவதிலும் ‘வைப்எஃப்எஸ் -ஏ’. இதற்குப் பிறகு திரும்ப வழியில்லை. எடுத்து வைத்த பிரதியிலிருந்து ஒரு கோப்பையாவது உண்மையில் திறந்து பார்த்தீர்களா?

பயோசா, யூஈஎஃப்ஐயா

மதர்போர்டில் இருந்து பூட்டைத் தொடக்கிவிடுகிற மென்பொருள் பழைய பயோஸாகவோ புதிய யூஈஎஃப்ஐயாகவோ இருக்கும். ‘/சிஸ்/ஃபேம்வெயர்/ஈஎஃப்ஐ’ என்ற கோப்புறை இருந்தால் யூஈஎஃப்ஐ, இல்லாவிட்டால் பழைய பயோஸ் என்பது எல்லோரும் சொல்கிற விதி. அதில் ஒரு ஓட்டை: அது ரெஸ்கியூ எப்படிப் பூட் ஆனது என்பதைத்தான் சொல்கிறது. டிஸ்கில் இருந்து பூட் ஆகும்போது மதர்போர்ட் வேறு வழியில் போகலாம். பக்கத்தில் நின்று செட்டிங்கைப் பார்க்க ஏலாததால் நான் இரண்டுக்கும் இடம் விடுகிறேன். செலவு அரை ஜிபி. 4 ரெராபைட்டில் அதை யார் தேடப்போகிறார்கள்?

எந்தப் பார்ட்டிஷன் எங்கே என்று எழுதியிருக்கிற டிஸ்க் அட்டவணை ஜிபிரியாகத்தான் இருக்க வேண்டும். பழைய எம்பிஆர் டிஸ்கின் முதல் 512 பைட்டுக்குள் முடிந்துவிடும்: 446 பைட் பூட் கோட், 16 பைட் வீதம் நான்கு பார்ட்டிஷன், கடைசி இரண்டு பைட் அடையாளம். செக்டர் எண்ணுக்கு 32 பிட்தான் ஒதுக்கியிருப்பதால், 512 பைட் செக்டரில் 2 ரெபிபைட்டுக்கு (ஏறத்தாழ 2.2 ரெராபைட்) மேல் அதற்குக் கண் தெரியாது. ஜிபிரி 128 பார்ட்டிஷன் வரை தாங்கும், அட்டவணையின் பிரதி ஒன்றை டிஸ்கின் கடைசியிலும் வைத்திருக்கும்.

பயோஸ் ஜிபிரி டிஸ்கில் பூட் ஆக வேண்டுமென்றால் ஒரு சின்ன விசயம் தேவை. எம்பிஆர் காலத்தில் கிரப்பின் நடுப்பகுதி, முதல் செக்டருக்கும் முதல் பார்ட்டிஷனுக்கும் இடையே சும்மா கிடந்த இடத்தில் ஒளிந்துகொள்ளும். ஜிபிரியில் அந்த இடத்தை அட்டவணை பிடித்துவிடுகிறது. ஆகவே 1 எம்பியில் ‘பயோஸ் பூட்’ என்ற வகைப் பார்ட்டிஷன் ஒன்றை ஒதுக்கிக் கொடுக்கிறோம். அதை ஃபோர்மட் பண்ணவும் வேண்டாம், மவுன்ட் பண்ணவும் (கோப்புறையாக இணைக்கவும்) வேண்டாம்.

எஸ்ஜிடிஸ்க் -என் 1:0:+1எம் -ரி 1:ஈஎஃப்02 /டெவ்/எஸ்டிஏ
எஸ்ஜிடிஸ்க் -என் 2:0:+512எம் -ரி 2:ஈஎஃப்00 /டெவ்/எஸ்டிஏ
எஸ்ஜிடிஸ்க் -என் 3:0:+1ஜி -ரி 3:எஃப்டி00 /டெவ்/எஸ்டிஏ
எஸ்ஜிடிஸ்க் -என் 4:0:-1ஜி -ரி 4:எஃப்டி00 /டெவ்/எஸ்டிஏ

ஒன்று கிரப்புக்கு, இரண்டு யூஈஎஃப்ஐக்கு, மூன்று பூட் கோப்புறைக்கு, நான்கு மிச்சமெல்லாம். நாலாவதில் ‘-1ஜி’ என்று கடைசியில் ஒரு ஜிபியை வெறுமையாக விட்டது வேண்டுமென்றுதான். டிஸ்க் செத்து வேறு நிறுவனத்தின் 4 ரெராபைட் வந்தால் அது சில எம்பி குறைவாக இருக்கக்கூடும். ஒரு செக்டர் குறைந்தாலும் ரெய்டு அதைச் சேர்க்க மறுக்கும்.

இதே அட்டவணையை இரண்டாவது டிஸ்குக்குப் பிரதி பண்ணுவது ஒரு வரி வேலை. அந்த ஒரு வரியில் கை நடுங்க வேண்டும்:

எஸ்ஜிடிஸ்க் -ஆர் /டெவ்/எஸ்டிபி /டெவ்/எஸ்டிஏ

ஆர் பெரிய எழுத்து. முதலில் வருவது போய்ச்சேரும் டிஸ்க், கடைசியில் வருவது மூலம். கோப்பைப் பிரதி பண்ணுகிற சிபி கட்டளையில் பழகிய கைக்கு இது தலைகீழ். மாற்றி அடித்தால் வெறுமையான அட்டவணை உங்கள் நல்ல டிஸ்கின் மேல் ஏறும், ஒரு கேள்வியும் கேட்காது. நான் இந்த வரியை அடித்துவிட்டு, என்ரரைத் தட்ட முதல் இரண்டு பெயரையும் கொப்பியில் உள்ள சீரியலோடு விரல் வைத்துப் பார்ப்பேன். பிறகு ‘எஸ்ஜிடிஸ்க் -ஜி /டெவ்/எஸ்டிபி’, அதுவும் பெரிய எழுத்து ஜி. இரண்டு டிஸ்குக்கும் ஒரே அடையாள எண் இல்லாதபடி அது புதிதாகப் போட்டுவிடும்.

ரெய்டு, எல்விஎம், ஃபைல் சிஸ்டம்

எம்டி0 என்று மூன்றாம் பார்ட்டிஷன்கள் இரண்டும், எம்டி1 என்று நாலாம் பார்ட்டிஷன்கள் இரண்டும், லெவல் 1. இப்போதைய கிரப்புக்கு எம்டி (லினக்ஸின் மென்பொருள் ரெய்டு) வாசிக்கத் தெரியும், எம்டிஅட்ம் வழக்கமாகப் போடுகிற மெட்டாடேட்டா 1.2 அப்படியே இருக்கட்டும். யூஈஎஃப்ஐ பார்ட்டிஷனை மட்டும் ரெய்டில் சேர்க்கவில்லை. மதர்போர்டுக்கு ரெய்டு தெரியாது, அதற்கு வெறும் ஃபற்32 வேண்டும். இரண்டு டிஸ்கிலும் தனித்தனியாக ஃபற்32 ஆக ஃபோர்மட் பண்ணி, உள்ளே இருப்பதைப் பிரதி பண்ணி வைத்துக்கொள்கிறேன்.

ரெய்டு உருவான உடனே இரண்டையும் ஒத்திசைக்கத் தொடங்கும். 4 ரெராபைட், செக்கனுக்கு 150 எம்பி என்றால் 7 மணித்தியாலத்துக்கு மேல். அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை, பின்னால் ஓடட்டும். ஆனால் எங்கே காத்திருக்க வேண்டும் என்பதைப் பிறகு சொல்கிறேன், அதில் நான் அடிபட்டவள்.

எம்டி1 மேல் எல்விஎம், இடத்தைப் பங்கு போட்டுப் பிறகு கூட்டவும் விடுகிற வசதி. ரூட்டுக்கு (டெபியன் இருக்கிற பகுதிக்கு) 30 ஜிபி, ஸ்வாப் (ரம் போதாதபோது பாவிக்கிற இடம்) 8 ஜிபி, தரவுக்கு 1 ரெராபைட், மிச்சத்தைத் தொடாமல் விட்டேன். முதலாளிக்கு இது பிடிக்கவில்லை (“வாடகை குடுக்கிற இடத்தைச் சும்மா போடுறதோ?”). ஈஎக்ஸ்ரி4 என்ற ஃபைல் சிஸ்டத்தை ஓட ஓடப் பெருப்பிக்கலாம். சிறுப்பிக்க வேண்டுமென்றால் அன்மவுன்ட் பண்ண வேண்டும், ரூட் என்றால் திரும்ப ரெஸ்கியூ. சட்டையைக் கொஞ்சம் பெரிதாக வெட்டிவிட்டுப் பிறகு பிடிக்கலாம் என்பது துணிக்குச் சரி, டிஸ்குக்குச் சரிவராது என்று விளங்கப்படுத்தினேன். ஸ்வாப்பையும் ரெய்டுக்குள் வைத்ததற்குக் காரணம், ஒரு டிஸ்க் சாகும்போது அதில் இருந்த ஸ்வாப்போடு சேர்ந்து ஓடுகிற புரோகிராம்களும் சாகக்கூடாது.

தரவுப் பகுதியில் ‘ரியூன்2எஃப்எஸ் -எம் 1’ போடுங்கள். ஈஎக்ஸ்ரி4 வழக்கமாக 5 வீதத்தை ரூட் பயனருக்கு ஒதுக்கிவிடும். 1 ரெராபைட்டில் அது 50 ஜிபி.

உள்ளே ஏற்றுவது

எல்லாவற்றையும் ‘/எம்என்ரி’ கீழ் மவுன்ட் பண்ணி, டெப்பூட்ஸ்ட்ராப்பால் டெபியனை இறக்கி, டெவ், ப்ரொக், சிஸ் மூன்றையும் பைண்ட் பண்ணி, சிரூட்டால் அந்தப் புது டெபியனுக்குள் போவது. இதற்கு எங்கும் விளக்கம் இருக்கிறது, நீட்டவில்லை. கேர்னல் (லினக்ஸின் கரு), கிரப்-பிசி, எம்டிஅட்ம், எல்விஎம்2, ஓப்பன்எஸ்எஸ்எச் சேர்வர், இவை கட்டாயம். நெட்வேர்க் கார்டுக்கு ஃபேம்வெயர் தேவைப்பட்டால் டெபியன் 12இல் அதற்கென்றே புதிதாக ‘நொன்-ஃபிரீ-ஃபேம்வெயர்’ என்ற பிரிவு இருக்கிறது, அதைச் சோர்ஸ் பட்டியலில் சேருங்கள். பிறகு நான்கு விசயம். தூரத்துச் சேர்வர் எழும்பாமல் போவது பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றால்தான்.

முதலாவது, இனிற்ராம்எஃப்எஸ், கேர்னலோடு சேர்ந்து முதலில் ரம்மில் ஏறுகிற சின்னப் பொதி. கேர்னல் எழும்பும்போது ரூட் டிஸ்க் ரெய்டுக்குள் இருக்கிறது, அதற்குள் எல்விஎம். அதைத் திறக்கிற சாவி இந்தச் சின்னப் பொதிக்குள்தான் இருக்கும். ‘எம்டிஅட்ம் --டீற்றெய்ல் --ஸ்கான்’ தருவதை எம்டிஅட்ம் கொன்ஃப் கோப்பின் கடைசியில் சேருங்கள், அதற்குப் பிறகு ‘அப்டேற்-இனிற்ராம்எஃப்எஸ் -யூ’. வரிசை மாறினால் பழைய சாவியோடு பொதி கட்டியதாகிவிடும்.

இரண்டாவது, எஃப்எஸ்டாப், பூட்டின்போது எதை எங்கே மவுன்ட் பண்ணுவது என்ற பட்டியல். எஸ்டிஏ என்று எழுதாதீர்கள், யூயூஐடி (தனி அடையாள எண்) எழுதுங்கள். ‘பிஎல்கேஐடி’ காட்டுவதில் எஸ்டிஏ3க்கும் ஒரு யூயூஐடி இருக்கும், அது ரெய்டினுடையது. உங்களுக்கு வேண்டியது எம்டி0க்கு நேரே இருக்கிற ஃபைல் சிஸ்டத்தினுடையது.

2019இல் ஒரு போயா நாள் (பௌர்ணமி விடுமுறை), வேறொரு வாடிக்கையாளரின் சேர்வர். எல்லாம் எழுதி முடித்த பிறகு, தரவுப் பகுதியில் ஒரு ஒப்சனை மறந்தேன் என்று திரும்ப ஃபோர்மட் பண்ணினேன். ஃபோர்மட் பண்ணினால் யூயூஐடி மாறும். எஃப்எஸ்டாப்பில் பழையது. ரீபூட். பிங்குக்குப் பதில் இல்லை. அரை மணித்தியாலம் மரைன் டிரைவில் நடந்துவிட்டு வந்து பார்த்தேன், அப்போதும் இல்லை. நடந்தது என்னவென்றால், பூட்டின்போது எல்லாவற்றையும் தொடக்கிவிடுகிற சிஸ்டம்டி அந்த இல்லாத டிஸ்குக்காக 90 செக்கன் காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி முறைக்குப் போய், ரூட் பாஸ்வேர்ட் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறது. எஸ்எஸ்எச் அந்தக் கட்டம் வரைக்கும் வரவே இல்லை. டேட்டா சென்டரில் யாருமில்லாத ஒரு திரைக்கு முன்னால் அது இரவிரவாகப் பாஸ்வேர்ட் கேட்டிருக்கும். அன்றிலிருந்து ரூட், பூட் தவிர்ந்த எல்லா வரியிலும் ‘நோஃபெய்ல்’ போடுகிறேன். தரவு மவுன்ட் ஆகாவிட்டாலும் நான் உள்ளே போய்ப் பார்ப்பேன். ரூட் பயனருக்குப் பாஸ்வேர்ட் ஒன்றும் வைத்துவிடுவேன், கொன்சோல் கிடைக்கிற நாளில் உதவும்.

மூன்றாவது, நெட்வேர்க் கார்டின் பெயர். ரெஸ்கியூவில் ஈத்0 என்று இருக்கும், புது டெபியனில் ஈஎன்பி3எஸ்0 என்பதுபோல வரும். ஈத்0 என்று எழுதி வைத்தால் சேர்வர் அழகாகப் பூட் ஆகி, ஐபி இல்லாமல் ஊமையாக இருக்கும். நான் பெயரையே எழுதுவதில்லை. சிஸ்டம்டி-நெட்வேர்க்டி கோப்பில் மட்ச் என்ற பகுதியில் கார்டின் மக் முகவரியைக் கொடுத்துவிடுகிறேன், என்ன பெயர் வந்தாலும் பிடித்துக்கொள்ளும். அந்தச் சேர்விசை எனேபிள் பண்ண மறந்துவிடாதீர்கள்.

நாலாவது, உங்கள் எஸ்எஸ்எச் கீ. அனுமதி கோப்புறைக்கு 700, கோப்புக்கு 600. புதுச் சேர்வரின் ஹோஸ்ட் கீயினுடைய கைரேகையை ‘எஸ்எஸ்எச்-கீஜென் -எல்எஃப்’ போட்டு எடுத்து, அதையும் கொப்பியில் எழுதுங்கள்.

கிரப்பை இரண்டு டிஸ்கிலும் ஏற்றுங்கள்: ‘கிரப்-இன்ஸ்டோல் /டெவ்/எஸ்டிஏ’, பிறகு எஸ்டிபி. யூஈஎஃப்ஐக்காக கிரப்-ஈஎஃப்ஐ-ஏஎம்டி64-பின் பொதியையும் போட்டு, ‘--டார்கெட்’ ஒப்சனோடும் ‘--ரிமூவபிள்’ ஒப்சனோடும் இன்னொரு தடவை. மதர்போர்டின் நினைவில் பெயர் பதிவு இல்லாவிட்டாலும் யூஈஎஃப்ஐ தேடிப்பார்க்கிற வழக்கமான இடத்தில் அது போய் உட்காரும். கேர்னல் வரியில் ‘பனிக்=10’ சேர்த்துவிடுங்கள்; கேர்னல் விழுந்தால் பத்துச் செக்கனில் தானே ரீபூட் ஆகும், யாரும் போய்ப் பொத்தானை அமத்தத் தேவையில்லை. முடிவில் ‘அப்டேற்-கிரப்’. வெளியே வர முதல் ‘/வார்/லொக்/ஜேர்னல்’ என்ற கோப்புறை இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் உருவாக்குங்கள். பூட் பதிவுகள் சேருகிற இந்தச் சின்னக் கோப்புறை பின்னால் உங்களைக் காப்பாற்றும்.

ரீபூட் இல்லாமல் ஒரு ரீபூட்

இதைக் கண்டுபிடித்த பிறகுதான் எனக்கு இரவில் நித்திரை வந்தது. ரெஸ்கியூவுக்குள்ளேயே கியூஎமுவைப் போட்டு, உண்மையான டிஸ்குகளைக் கொடுத்து, ஒரு பொய் கொம்பியூட்டரில் அவற்றைப் பூட் பண்ணிப் பார்க்கலாம்.

முதலில் எல்லாவற்றையும் அன்மவுன்ட் பண்ணி, ‘விஜிசேஞ்ச் -ஏஎன்’ போட்டு, ரெய்டு இரண்டையும் நிறுத்துங்கள். ஒரே டிஸ்கை இரண்டு கேர்னல் பிடித்தால் தரவு நாசம். பிறகு கியூஎமுவுக்கு எஸ்டிஏ, எஸ்டிபி இரண்டையும் ‘ரோ’ வடிவ டிரைவாகக் கொடுத்து, ‘-எனேபிள்-கேவிஎம்’, ‘-எம் 2048’, ‘-விஎன்சி 127.0.0.1:1’, கட்டாயம் ‘-ஸ்னப்ஷொட்’. ஸ்னப்ஷொட் போட்டால் உள்ளே எது எழுதினாலும் டிஸ்குக்குப் போகாது, தற்காலிகக் கோப்புக்குப் போகும். உங்கள் லப்டொப்பில் இருந்து எஸ்எஸ்எச் ‘-எல் 5901:127.0.0.1:5901’ என்று சுரங்கம் போட்டு, விஎன்சி பார்வையாளரால் திறந்தால், ஜேர்மனிப் பெட்டியின் கிரப் திரை வெள்ளவத்தை மேசையில் வந்து நிற்கும்.

நான் அடிபட்ட இடம் இதுதான். ஒத்திசைவு முடிய முதல் இதைச் செய்தேன். பொய் கொம்பியூட்டருக்குள் எழும்பிய டெபியன், விட்ட இடத்திலிருந்து ரெய்டை ஒத்திசைக்கத் தொடங்கியது. அந்த எழுத்தெல்லாம் தற்காலிகக் கோப்புக்கு, தற்காலிகக் கோப்பு ரம்மில். சில நிமிடத்தில் ரம் நிரம்பி ரெஸ்கியூ செத்தது. டிஸ்குக்கு ஒன்றும் ஆகவில்லை, என் நெஞ்சுதான் அடித்தது. எம்டிஸ்டாட் இரண்டு ‘யூ’ (இரண்டு டிஸ்கும் சரி என்ற அடையாளம்) காட்டும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

லொகின் வரி வந்தால் பாதி வெற்றி. நிறுத்திவிட்டு, எஸ்டிபியை மட்டும் கொடுத்து இன்னொரு தடவை பூட் பண்ணுங்கள். முதல் டிஸ்க் செத்த நாளுக்கான ஒத்திகை அது. காணாமல் போன டிஸ்குக்காகச் சற்றுக் காத்திருந்துவிட்டு, ஒற்றைக் காலில் எழும்பும். கிரப்பை ஒரு டிஸ்கில் மட்டும் போட்டிருந்தால் இங்கேயே பிடிபடும். கியூஎமு வழக்கமாகப் பயோஸ் போலத்தான் நடக்கும். யூஈஎஃப்ஐ வழியையும் பார்க்க வேண்டுமென்றால் ஓவிஎம்எஃப் பொதியைப் போட்டு அதை ‘-பயோஸ்’ ஆகக் கொடுங்கள். இந்த ஒத்திகையில் பார்க்க முடியாதது நெட்வேர்க். பொய் கொம்பியூட்டரின் கார்டு வேறு, மக் வேறு. அந்தக் கோப்பை மட்டும் கண்ணால் இரண்டு முறை வாசியுங்கள்.

என்ரர்

கட்டுப்பாட்டுப் பக்கத்தில் ரெஸ்கியூவை அணைத்துவிட்டீர்களா என்று பார்த்துவிட்டு ரீபூட். இன்னொரு ஜன்னலில் பிங்கை ஓடவிட்டு எழும்பிப் போங்கள். சேர்வர் மதர்போர்ட் வீட்டுக் கொம்பியூட்டர்போல இல்லை. ரம்மைச் சோதித்து, கார்டுகளை எண்ணி, பூட்டுக்கு வருவதற்கே சில நிமிடம் எடுக்கும். நான் தேத்தண்ணிக்குத் தண்ணி வைப்பேன். குடித்து முடிய முதல் ரீசெட் பொத்தானைத் தொடுவதில்லை என்று எனக்கு நானே போட்ட சட்டம்.

பத்து நிமிடம் கடந்தும் வராவிட்டால் ரெஸ்கியூவுக்குத் திரும்பி, ரூட்டை மவுன்ட் பண்ணி, ‘ஜேர்னல்சிரிஎல் -டி /எம்என்ரி/வார்/லொக்/ஜேர்னல்’ பாருங்கள். அங்கே டி பெரிய எழுத்து. இந்தப் பூட்டின் நேரத்தில் வரிகள் இருந்தால் கிரப், கேர்னல், ரெய்டு, ரூட் எல்லாம் சரி. பிழை எஃப்எஸ்டாப்பிலோ நெட்வேர்க்கிலோ எஸ்எஸ்எச்சிலோ. நேரம் யூரிசியில் (உலகப் பொது நேரத்தில்) இருக்கலாம், எங்கள் நேரம் ஐந்தரை மணித்தியாலம் முன்னால் என்பதை மறந்து “பழைய வரி” என்று தள்ளிவிடாதீர்கள். ஒரு வரியும் இல்லையென்றால் அதற்கு முந்திய கட்டம்: கிரப் அல்லது இனிற்ராம்எஃப்எஸ். இந்த ஒரு கேள்வி தேடுகிற இடத்தைப் பாதியாக வெட்டிவிடும். 2019 போயாவில் அந்தக் கோப்புறை இருந்ததால்தான், டிவைசுக்காகக் காத்திருந்து நேரம் முடிந்தது என்ற வரியை ஐந்து நிமிடத்தில் கண்டேன். நடந்த அரை மணித்தியாலம் வீண்.

டிஸ்க் செத்த நாள்

41,000 மணித்தியால டிஸ்க் எதிர்பார்த்ததுபோலவே போனது. எம்டிஸ்டாட்டில் ஒரு ‘யூ’ கோடாக மாறியிருந்தது. கொப்பியை எடுத்து, செத்ததின் சீரியலையும் உயிரோடு இருப்பதின் சீரியலையும் இரண்டையுமே எழுதி, “முதலாவதை மாற்றுங்கள், இரண்டாவதைத் தொடாதீர்கள்” என்று டேட்டா சென்டருக்கு அனுப்பினேன். புது டிஸ்க் வந்ததும் அதே எஸ்ஜிடிஸ்க் வரி, அதே தலைகீழ், அதே விரல். பெரிய ஜி. பிறகு ‘எம்டிஅட்ம் --அட்’ இரண்டு ரெய்டுக்கும், யூஈஎஃப்ஐ பார்ட்டிஷனுக்குப் பிரதி, புது டிஸ்கில் கிரப்-இன்ஸ்டோல். டெபியனில் இன்னும் ஒன்று: கிரப்-பிசி பொதி தான் ஏறிய டிஸ்குகளை அடையாள எண்ணோடு நினைவில் வைத்திருக்கும். ‘டிபிகேஜி-ரீகொன்ஃபிகர் கிரப்-பிசி’ போட்டுப் புது டிஸ்கைத் தெரிவு செய்யாவிட்டால், அடுத்த அப்டேற்றில் இல்லாத டிஸ்கைத் தேடும்.

டிஸ்க் மாற்ற எடுத்த நேரத்துக்கு மட்டும் கடையில் பில்லைக் கையால் எழுதினார்கள். பின்னேரம் புறக்கோட்டைக்குப் போய் முதலாளிக்குச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அந்தச் செத்த டிஸ்கை அவங்கள் என்ன செய்வாங்கள், பிள்ளை?” என்றார்.

“அது அவையின்ர சாமான், முதலாளி. கொண்டுபோயிருப்பினம்.”

“அதுக்குள்ள எங்கட கடன்காரர் கணக்கு முழுக்கக் கிடக்குமே.”

கிடக்கும். செத்த டிஸ்கில் இருந்தும் எடுக்கத் தெரிந்தவனுக்கு எடுக்கலாம். எம்டி1க்கும் எல்விஎம்முக்கும் நடுவில் லக்ஸ் என்கிரிப்ஷன் போட வேண்டும். போட்டால் ஒவ்வொரு பூட்டுக்கும் பாஸ்வேர்ட் அடிக்க வேண்டும். அதற்கு இனிற்ராம்எஃப்எஸ்ஸுக்குள் ட்ரொப்பேர் என்ற சின்ன எஸ்எஸ்எச்சை வைத்து, ரூட் திறக்க முதலே உள்ளே போகிற வழி செய்ய வேண்டும். அந்தச் சின்ன எஸ்எஸ்எச்சுக்கும் ஐபி வேண்டும், அதற்கும் கார்டின் பெயர்ப் பிரச்சினை இருக்கிறது. அடுத்த போயாவுக்குக் கொப்பியில் குறித்து வைத்திருக்கிறேன்.